மகாராஜா கிணறு: நினைவுத் தொகுப்புத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயரின் ஸ்டோக் ரோ கிராமத்திலுள்ள மகாராஜா கிணற்றைப் பற்றி ஊர்க் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகளைக் கேட்டு எழுதி, பழைய ஒளிப்படங்களுடன் ஒரே தொகுப்பாக்கும் பணி நிறைவடைந்தது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.

ஸ்டோக் ரோ அமைந்துள்ள சில்டர்ன் குன்றுகள் சுண்ணக்கல்லால் ஆனவை. பெய்யும் மழை நிலத்துக்குள் ஆழமாக இறங்கிவிடுவதால் இவ்வூர் மக்கள் களிமண் பள்ளங்களில் தேங்கிய நீரையே நம்பியிருந்தனர். அருகிலுள்ள இப்ஸ்டன் ஊரைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட், இந்தியாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்தபோது 1831இல் வட இந்தியாவின் அசம்கரில் கிணறு வெட்டுவித்தவர். தம் ஊர்ப்பக்கத்தில் வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காகத் தாயிடம் அடிவாங்கிய ஒரு சிறுவனைப் பற்றி ரீட் சொன்னதைக் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் மறக்கவில்லை. மகாராஜாவின் கொடையால் 1863 மார்ச்சில் தொடங்கிய வேலை, 1864 மே 24 அன்று விக்டோரியா அரசியின் பிறந்தநாளில் கிணற்றின் திறப்புடன் முடிந்தது.

கிணற்றின் ஆழம் 368 அடி, அகலம் 4 அடி மட்டுமே. லண்டன் புனித பவுல் பேராலயத்தின் உயரத்தையும் விஞ்சும் இந்த ஆழம் முழுவதும், ஒடுங்கிய குழிக்குள் இறங்கிய மனிதர்கள் கையால் தோண்டியது. ஒரு வாளி நீரை மேலே கொண்டுவரப் பத்து நிமிடம்வரை கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருந்தது. தண்ணீருக்குக் கட்டணம் கிடையாது. பராமரிப்புச் செலவுக்கென ஒரு செர்ரித் தோட்டத்தையும் மகாராஜாவின் கொடையிலேயே ஏற்படுத்தியிருந்தனர். அறம் செய்தவர் அதன் தொடர்ச்சியையும் எண்ணிப் பார்த்ததை நாம் போற்ற வேண்டும்.

கிணற்றின் மேலுள்ள கவிகை மாடமும் நீர் இறைக்கும் பொறியின்மேல் நிற்கும் பொன்னிற யானையும் நூல்களில் நன்கு பதிவாகியிருப்பதால், நமது தொகுப்பு நீர் இறைத்தவர்களுக்கும் சுமந்தவர்களுக்குமே பெரும்பகுதியை ஒதுக்கியுள்ளது. அவர்களில் பலர் பெண்கள், பள்ளி செல்லும் பிள்ளைகள். ஒரே நிகழ்வை இரண்டு குடும்பங்கள் வெவ்வேறாகச் சொன்ன இடங்களில் ஒன்றைத் தள்ளாமல் இரண்டையும் அருகருகே வைத்தோம். நினைவைத் திருத்தும் உரிமை தொகுப்போருக்கு இல்லை என்பதே குழுவின் ஒருமித்த முடிவு. ஆண்டுகளையும் அளவுகளையும் மட்டும் ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். 1964இல் நூற்றாண்டு விழாவுக்கு எடின்பரோ கோமகன் (இரண்டாம் எலிசபெத் அரசியின் கணவர் பிலிப்) வந்தபோது சிறுவர்களாக நின்று பார்த்தவர்களின் கூற்றுகள் தனிப் பகுதியாக உள்ளன. படங்களைத் தந்த வீடுகளுக்கு மூலப் படிகள் திருப்பி அளிக்கப்பட்டுவிட்டன.

வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் பொதுக்குழுவில் வைக்கப்படும். தொகுப்பைப் படித்து, விடுபட்ட பெயர்களையும் பிழைகளையும் பொதுக்குழு கூடுவதற்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவை பிற்சேர்க்கையாக இணைக்கப்படும்.

இவண்,
செயற்குழுவினர்