தீயில் தப்பிய ஜன்னல்களை ஏன் கழற்ற வேண்டும்?

பிரான்ஸ் நாட்டுக் கலாச்சார அமைச்சகத்துக்கு வணக்கம்.

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயக் கூரை எரிந்தது. உள்ளே தென்புறத்தில் வரிசையாக இருக்கும் சிறு வழிபாட்டிடங்களான சிற்றாலயங்களில், கட்டிடக் கலைஞர் வியோலே-லெ-தூக் 19ஆம் நூற்றாண்டில் அமைத்த ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரியைத் துடைத்துச் சுத்தமும் செய்தாகிவிட்டது. அப்புறம், ஆறு சிற்றாலயங்களில் அவற்றை எடுத்துவிட்டு ஓவியர் கிளேர் தபூரே வரையும் புதியவற்றை வைக்க முடிவெடுத்தீர்கள். பாரம்பரியம், கட்டிடக்கலைக்கான தேசிய ஆணையம் 2024 ஜூலையில் ஒருமனதாக வேண்டாம் என்றது. உங்களுக்கு ஆலோசனை சொல்லவே இருக்கும் ஆணையம் அது. அதன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

இதே ஆலயத்தின் இடைக்கால வண்ணக் கண்ணாடிகளில் பெரும்பகுதி எப்படிப் போனது? போரிலோ புரட்சியிலோ அல்ல. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று ஆலயக் குருமார் நினைத்தார்கள். நல்ல நிலையில் இருந்தவற்றை இறக்கி வெள்ளைக் கண்ணாடி போட்டார்கள். அந்த வேலையைச் செய்த கண்ணாடிக் கலைஞர் பியேர் லெ வியேய், தான் இறக்கியவை எப்படி இருந்தன என்பதைப் பிறகு தன் நூலிலேயே எழுதிவைத்தார். ரோஜா ஜன்னல்கள் எனப்படும், பூப்போல விரிந்த மூன்று பெரிய வட்ட ஜன்னல்கள் எஞ்சின. அன்றைக்கு அந்தக் குருமாருக்கும் தங்கள் ரசனைதான் சரி என்று பட்டிருக்கும்.

இப்போது கழற்ற நினைப்பவற்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். வெளிறிய கண்ணாடி, மேலே உலோக ஆக்சைடும் கண்ணாடித் தூளும் குழைத்துத் தீட்டிச் சூளையில் சுட்ட கருங்கோடுகள், துண்டுகளைப் பிடித்து நிற்கும் ஈயப் பட்டைகள். உருவங்கள் கிடையாது. மங்கலான வெளிச்சம் தருவதுதான் அவற்றின் வேலை. ஆலயம் முழுவதற்கும் சேர்த்து யோசித்த ஒளி அமைப்பில் அவையும் ஒரு பகுதி.

புதிய கலைக்கு நான் எதிரி இல்லை. 1944 ஜூலையில் குண்டுவீச்சில் கண்ணாடிகளை இழந்த நெவேர் நகரப் பேராலயத்துக்கு, நம் காலத்து ஓவியர்களை அழைத்துப் புதிதாகச் செய்துகொடுத்தீர்கள். அங்கே இழப்பு இருந்தது, இடமும் இருந்தது. நோத்ர தாமில் அப்படி எதுவும் இல்லை.

அந்த ஆறு சிற்றாலயங்களிலும் வியோலே-லெ-தூக்கின் கண்ணாடிகளே இருக்கட்டும். தபூரேயின் படைப்பை வெறும் கண்ணாடி மாட்டிய ஒரு தேவாலயத்துக்குக் கொடுங்கள். கைதேர்ந்த பட்டறைகளுக்கு வேலை வேண்டுமென்றால் கிராமத்துத் தேவாலயங்களில் நிறையவே கிடக்கிறது. ஈரத்தில் அரித்துக்கொண்டிருக்கும் இடைக்காலக் கண்ணாடிகளுக்கு வெளிப்புறமாக ஒரு காப்புக் கண்ணாடி போடும் வேலையை முதலில் அவர்களிடம் ஒப்படையுங்கள்.