சாதா கால்குலேட்டர்லயே ப்ரோக்ராம் போடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல சயின்டிஃபிக் கால்குலேட்டர் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். சைன், காஸ், லாக் எல்லாம் தெளிவாத்தான் சொல்லியிருந்தாங்க, ஆனா கடைசி பாராவுல "ப்ரோக்ராம் போடணும்னா அதுக்குன்னு இருக்கற மாடல் வேணும், சாதாவுல ஆகாது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல. சாதா சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல ஆன்ஸ் பட்டன் (கடைசியா வந்த விடைய திரும்ப எடுத்துக் கொடுக்கறது) இருந்தாலே பாதி ப்ரோக்ராமிங் வந்துடும் சார்.

சந்தேகம்னா இப்பவே கைல எடுத்து பாருங்க. 2 அடிச்சு ஈக்வல் தட்டுங்க. அப்புறம் (ஆன்ஸ் + 2 ÷ ஆன்ஸ்) ÷ 2 ன்னு அடிச்சுட்டு ஈக்வல மட்டும் தட்டிட்டே இருங்க. முதல்ல 1.5, அடுத்து 1.416666667, அப்புறம் 1.414215686, நாலாவது தட்டுல 1.414213562, அதுக்கு மேல எத்தன தட்டு தட்டினாலும் அசையாது. ரூட் பட்டன தொடாமலே ரூட் 2 வந்தாச்சு. ஒரு தோராய விடைய திரும்பத் திரும்ப திருத்திட்டே போற இதுதான் நியூட்டன் முறை. ஆன்ஸ் தான் இங்க வேரியபிள் (மாறிட்டே இருக்கற மதிப்பு), ஈக்வல் தட்டறது தான் லூப் (அதே வேலைய திரும்பத் திரும்ப செய்யறது), எப்ப நிறுத்தணும்னு பாக்கற வேலை மட்டும் நம்ம கண்ணோடது. பின்னமா காட்டற மாடல்னா 3/2, 17/12, 577/408 ன்னு வரும், அந்த 577/408 பௌதாயன சுல்ப சூத்திரம்ங்கற பழைய இந்திய வடிவியல் நூல் ரூட் 2க்கு சொல்ற கணக்க கூட்டிக் கழிச்சா வர்ற அதே மதிப்பு, அது மூணே தட்டுல திரைல வந்து நிக்குது! 2க்கு கன மூலம் வேணும்னாலும் இதே வழிதான், (2 ஆன்ஸ் + 2 ÷ ஆன்ஸ்²) ÷ 3 ன்னு மாத்திக்கோங்க.

அடுத்து கால்க் பட்டன். இது எல்லா மாடல்லயும் இருக்காது, கொஞ்சம் மேல உள்ளதுல இருக்கும், ஆனா வெச்சிருக்கறவங்கள்லயே நிறைய பேர் அத தொட்டதே இல்ல. ஆல்ஃபா (எழுத்து அடிக்கற பட்டன்) அழுத்தி, இருபடி சமன்பாட்டுக்கு வர்ற பி² − 4ஏசி ன்னு எழுத்துலயே ஃபார்முலாவ அடிச்சுட்டு கால்க் அழுத்தினா ஏ என்ன, பி என்ன, சி என்னன்னு ஒண்ணொண்ணா கேட்டு விடை சொல்லும், மறுபடி வேற நம்பர் போடணும்னா ஃபார்முலாவ திரும்ப அடிக்க வேண்டியதில்ல. இதுல இன்னொரு லாபமும் இருக்கு, கையால −3² ன்னு அடிச்சா நிறைய மாடல்ல −9 தான் வரும், ஏன்னா அது வர்க்கத்த முதல்ல போட்டுட்டு மைனஸ அப்புறம் வைக்குது, அதே −3 அ பி-ல போட்டு பி² கேட்டா சரியா 9 வரும். இருபடி சமன்பாட்டுல பசங்க தடுக்கி விழற இடமே இதுதான்.

கோலன் போட்டு ரெண்டு வரிய சேக்கவும் நிறைய மாடல் விடும். ஏ=ஏ+1 : பி=பி×ஏ ன்னு அடிங்க (இந்த ஈக்வல் ஆல்ஃபா அழுத்தி வர்றது, கீழ இருக்கற பெரிய பட்டன் இல்ல), கால்க்ல ஏ-க்கு 0, பி-க்கு 1 கொடுத்துட்டு ஈக்வல தட்டிட்டே போனா 1, 1, 2, 2, 3, 6, 4, 24 ன்னு எண்ணும் அதோட ஃபேக்டோரியலும் (1லேர்ந்து அந்த எண் வரைக்கும் பெருக்கினது) மாறி மாறி வரும். இதுக்குப் பேர் ப்ரோக்ராம் இல்லன்னா வேற எதுக்கு?

நிஜ ப்ரோக்ராம் மாடல குறைச்சு சொல்லல. 1974ல வந்த எச்பி-65 கால்குலேட்டர்ல ப்ரோக்ராமுக்கு 100 ஸ்டெப் தான், ப்ரோக்ராம காந்த அட்டைல எழுதி வெச்சுக்கலாம், 1975ல அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து நடத்தின அப்போலோ-சோயுஸ் பயணத்துல விண்வெளிக்கே போயிட்டு வந்துச்சு. கேசியோ எஃப்எக்ஸ்-3600பி ல வெறும் 38 ஸ்டெப், லேர்ன் மோடுல வெச்சு ஒரு தடவ கணக்க போட்டு காட்டினா பட்டன் வரிசைய அப்படியே புடிச்சுக்கும். 38க்குள்ள அடக்கணும்னா எத முதல்ல கணக்கு போடறது, எத மெமரில வைக்கறதுன்னு மண்டைய உடைச்சே ஆகணும். ஆனா நிறைய பரீட்சைல அந்த மாதிரி மாடல உள்ள விடமாட்டாங்க, ஆன்ஸும் கால்க்கும் தெரிஞ்சு வெச்சுக்கோங்கன்னு நான் சொல்றதே அதுக்காகத்தான்.

கட்டுரைல டிகிரி, ரேடியன் மோட் (கோணத்த அளக்கற ரெண்டு அலகு) பத்தி சொன்னது சரி, ஆனா எந்த மோடுல இருக்கோம்னு சோதிக்க வழி சொல்லல. சைன் 30 போடுங்க, 0.5 வந்தா டிகிரி, −0.988 ன்னு வந்தா ரேடியன். காஸ் ஆன்ஸ் ன்னு அடிச்சு ஈக்வல தட்டிட்டே இருந்தும் பாக்கலாம், ரேடியன்ல கொஞ்ச நேரம் மேலயும் கீழயும் ஆடிட்டு 0.739085133ல நிக்கும், டிகிரில சட்டுனு 0.999847742க்கு போயிடும்.

அப்புறம் அந்த கட்டுரைல "இடை விடைய பேப்பர்ல குறிச்சுட்டு திரும்ப அடிங்க"ன்னு இருந்துச்சே, தயவுசெஞ்சு அத திருத்துங்க. திரைல 10 இலக்கம் தான் தெரியும், உள்ள அதுக்கு மேல வெச்சிருக்கும். ரூட் 2 − 1.414213562 ன்னு அடிச்சு பாருங்க, 0 வராது, 3.73×10⁻¹⁰ கிட்ட வரும். ஒரு கணக்குல அது ஒண்ணும் பண்ணாதுன்னு தோணும், ஆனா கிட்டத்தட்ட சமமா இருக்கற ரெண்டு எண்ண கழிக்கற கணக்குல விடையே மாறிடும். பேப்பர்ல குறிக்கறதுக்கு பதிலா ஏ-லயோ பி-லயோ ஸ்டோர் பண்ணிக்கலாம், ரெண்டு பட்டன் வேலை.

அடுத்த பகுதி வருதுன்னா சால்வ் பட்டன (நாம கொடுக்கற ஒரு தொடக்க எண்லேர்ந்து சமன்பாட்டோட விடைய தேடறது) பத்தி எழுதச் சொல்லுங்க. எக்ஸ்² = 2 க்கு 1ல ஆரம்பிச்சா ப்ளஸ் விடை, −1ல ஆரம்பிச்சா மைனஸ் விடை, ஒரு தடவைக்கு ஒண்ணு தான் தரும், வந்த ஒண்ண மட்டும் எழுதிட்டு அடுத்த கணக்குக்கு போறவங்க தான் ஜாஸ்தி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்