தலைப்பில் இரண்டு பழம் என்றால், பதிவிலும் இரண்டு பழம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தாலே சென்னையில் வலைப்பதிவு எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளுக்கான நோட்டீஸ் வீட்டுக்கு வீடு வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பல வகுப்புகளில் டெம்பிளேட் தேர்வு செய்வதிலேயே பாதி நேரமும், விளம்பர வருமானக் கணக்கிலேயே மீதி நேரமும் போய்விடுகிறது. எழுத்து என்னவோ தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். எழுதப் பழகுகிற பிள்ளைகளுக்கு, வலைப்பதிவுப் பயிற்சி தரும் நாங்கள் சொல்லும் பாடநூல், நகைச்சுவை சேனல்களில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. நம் சினிமா நகைச்சுவைக் காட்சிகளைத்தான் சொல்கிறோம். ஒரு காட்சியை முதல்முறை சிரிப்பதற்காகப் பாருங்கள். இரண்டாம் முறை, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சி தெரியாதவர் கிடையாது. இரண்டு பழம் வாங்கிவரக் காசு கொடுக்கிறார் கவுண்டமணி. ஒரு பழத்தோடு வந்து நிற்கிறார் செந்தில். அந்தக் காணாமல் போன ஒரு பழம்தான் காட்சி முழுக்க. நடுவில் வேறு பேச்சே இல்லை. ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்க முடியாது. வாசகரும் கவுண்டமணி நிலையில்தான் இருக்கிறார். தலைப்பை நம்பித் தன் நேரத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது பழம் எங்கே என்று தேடுகிறார். 'ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி?' என்று தலைப்பு வைத்துவிட்டு, ரேஷன் கார்டின் அவசியம் பற்றி நானூறு சொல் எழுதி, கடைசியில் 'அருகிலுள்ள அலுவலகத்தை அணுகவும்' என்று முடித்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

இதற்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான். முதலில் தலைப்பை எழுதுங்கள். அதன் கீழேயே, அந்தத் தலைப்புக்கான பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதுவே பதிவின் முதல் வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் வரவில்லையென்றால் விஷயம் இன்னும் கைக்கு வரவில்லை; இன்னும் விசாரிக்க வேண்டும். கைபேசியில் தலைப்பு போக முதல் திரையில் தெரிவது ஏறத்தாழ ஐம்பது, அறுபது தமிழ்ச் சொற்கள். அதற்குள் பதிலின் சாரம் வந்தாக வேண்டும். தலைப்பு ஏழெட்டுச் சொல்லைத் தாண்டினால், தமிழ் எழுத்தின் அகலத்தால் தேடல் பக்கத்தில் வால் அறுந்துதான் தெரியும். இன்னொன்று: ஜனங்கள் 'ரேஷன் கார்டு' என்றுதான் தேடுகிறார்கள், அரசு 'குடும்ப அட்டை' என்கிறது. ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை முதல் பத்தியிலும் வைத்தால் இரு வழியாகவும் வருபவருக்குப் பதிவு கிடைக்கும்.

அடுத்தது 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா நடுங்குவார். பயங்கரம், திகில் என்ற சொற்களால் அவர் பயமுறுத்துவதில்லை. சத்தத்தாலும் கண்ணாலும் கையாலும் இருட்டையே கூடத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். எழுத்தில் அந்தச் சத்தத்தின் இடத்தை நிரப்புவது விவரம். மார்கழி சபா கேன்டீன் பற்றி 'சுவை அருமை, கூட்டம் அதிகம்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. '12.15க்கு வரிசையில் நின்றால் 12.50க்குத்தான் இலை, அதற்குள் அக்காரவடிசல் தீர்ந்துவிடுகிறது' என்று எழுதினால், மறுநாள் போகிறவர் அரை மணி முன்னதாகக் கிளம்புவார். போன இடத்திலேயே ஐந்து விஷயம் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள்: நேரம், விலை, வழி, எது இல்லை, யாரைக் கேட்க வேண்டும். விலைப் பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஞாபகப் பிசகு வராது.

அந்தக் காட்சியில் பாதி வேலையைச் செய்பவர் பாலையா. கேட்பவர் முகம் மாற மாற, சொல்பவரும் ஏற்றி இறக்கிச் சொல்கிறார். திரைக்கு முன் தனியாக உட்கார்ந்து எழுதுபவருக்கு அந்த முகம் கிடையாது. அதனால் எழுதியதை ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் அந்த விஷயம் தெரியாத ஒருவருக்கு, அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் பார்வை எங்கே நகர்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. பெரும்பாலும் அது இரண்டாவது பத்தியாக இருக்கும், ஏனென்றால் எல்லோரும் வரலாற்றை அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தள்ளிய பிறகும் யாரும் தேடவில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

'ஃபிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்தது 2001இல். அவருடைய நேசமணி பாத்திரத்துக்காக இணையமே பிரார்த்தனை செய்தது 2019 மே மாதத்தில். பதினெட்டு ஆண்டு கழித்து ஒரு சுத்தியல் படம் எல்லோரையும் அந்தக் காட்சிக்கு அழைத்துவந்தது. பதிவுக்கும் இப்படித்தான் வாசகர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. 'நேற்று', 'போன வாரம்', 'சமீபத்தில்' எல்லாம் அன்றைக்கு மட்டும் சரி. தேதி, மாதம், ஆண்டு எழுதுங்கள். கட்டணமோ விதியோ மாறினால் பழைய வரியை ஓசையில்லாமல் அழிக்காமல், மேலே 'இன்ன தேதியில் திருத்தியது' என்று ஒரு வரி சேருங்கள்.

இனி தமிழுக்கென்றே உள்ள சிக்கல்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஆலோசனைகளில் இவை இருப்பதில்லை. வகுப்புகளிலும் இவற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பதிவின் இணைப்பு முகவரியிலிருந்தே பிரச்சினை தொடங்குகிறது. கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் அந்த எழுத்துகளை அது முகவரியில் சேர்ப்பதில்லை. எல்லாப் பதிவுக்கும் 'பிளாக் போஸ்ட்' என்று ஒரே பெயரைப் போட்டுப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடுகிறது. வெளியிடும் முன் 'கஸ்டம் பெர்மாலிங்க்' கட்டத்தில் மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில், நடுவில் சிறு கோடிட்டுக் கொடுங்கள். பிறகு மாற்றினால் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன இணைப்புகள் செத்துவிடும்.

பதிவர்கள் பயன்படுத்தும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அங்கே வேறொரு கணக்கு. கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். முகவரியில் ஒவ்வொரு குறியும் 9 இடம் பிடிக்கும். 'சென்னை' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஆறு குறி, அதாவது 54 இடம். வேர்ட்பிரஸ் பதிவின் பெயருக்கு ஒதுக்குவது 200 இடம். 'சென்னை ரேஷன் கார்டு' என்பதே, நடுவில் வரும் சிறு கோடுகளோடு சேர்த்து, 155 ஆகிவிடும். 'திருத்தம்' என்று சேர்த்தால் 237. எனவே நான்காவது சொல் பாதியில் வெட்டுப்படும். பகிரும்போது சதவீதக் குறிகளாக ஒரு நீண்ட கயிறு வந்து விழும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று தொடவே பயப்படுவார். இங்கேயும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுப்பதே தீர்வு.

அடுத்தது ஔகாரம். 'பௌர்ணமி' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்துமாகத் தட்டி 'பெளர்ணமி' ஆக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். சரியாகத் தட்டித் தேடுபவருக்கு அந்தப் பதிவு கிடைக்காமல் போகலாம். சோதிப்பது சுலபம்: அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். 'ப' மட்டும் மிஞ்சினால் சரி. 'பெ' மிஞ்சினால் தவறு. பழைய பாமினி, டாப், டாம் எழுத்துருவில் இருக்கும் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றுபவர்கள் 'ஸ்ரீ', 'ஷ', கொம்புக்கால் எழுத்துகள், மேற்கோள் குறிகள் ஆகியவற்றைக் கண்ணால் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். மாற்றிகள் தடுமாறும் இடங்கள் இவைதான்.

பக்க அமைப்பில் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் 'ஜஸ்டிஃபை' வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இணையத்தில் வரி முடிவில் அவை உடைவதில்லை. அதனால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சேருங்கள். எழுத்து 17 அல்லது 18 பிக்சல், வரி இடைவெளி 1.7 மடங்கு இருந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரச் சுழியும் முட்டிக்கொள்ளாது. சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது, தடித்த எழுத்தே போதும்.

கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4, 5 எம்பி இருக்கும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால், மின்சார ரயிலில் படிப்பவருக்குப் பக்கம் திறப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிடும். அகலத்தை 1200 பிக்சலாக்கி 150, 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். படத்தின் கீழ் எந்த இடம், எந்த நாள் என்று ஒரு வரி. சினிமா ஸ்டில்லை அலங்காரத்துக்கு ஒட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் தரும் விலக்கு, விமர்சனம் போன்ற சில காரியங்களுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தத்தான். ஒட்டி அழகு பார்ப்பதற்கு அதை நம்பக் கூடாது.

தளம் தொடங்கும் முன்பே ஐந்து பதிவுகளை எழுதிவிடச் சொல்கிறோம். மூன்றை வெளியிட்டு இரண்டைக் கையிருப்பில் வைக்க வேண்டும். பரீட்சையோ வீட்டு விசேஷமோ குறுக்கிடும் வாரத்தில்தான் புதுப் பதிவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டும் அப்போது கைகொடுக்கும். மாதம் ஒருமுறை தளத்தின் பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படங்களைக் கணினியில் தனிக் கோப்புறையில் சேமியுங்கள், அந்தப் பிரதியோடு அவை சேர்ந்து வருவதில்லை.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சிறு பத்தியை இதற்கு ஒதுக்க வேண்டுகிறோம். ஒவ்வொரு வாரமும் மாணவர் ஒருவரின் பதிவில் முதல் பத்தியை மட்டும் எடுத்து, திருத்தும் முன்பும் திருத்திய பின்பும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
வலைப்பதிவுப் பயிற்சி தரும் வாசகர்கள்,
மந்தைவெளி, சென்னை – 28