நெவா வாசலை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைப் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். பீட்டர்-பால் கோட்டைத் தேவாலயத்தின் 122.5 மீட்டர் தங்க ஊசிக்கோபுரம், ஜார் மன்னர்களின் கல்லறைகள், பாலத்தடியில் காசு எறிந்து வேண்டிக்கொள்ளும் முயல் சிலை என்று எல்லாம் இருக்கிறது. நெவா வாசலை மட்டும் காணோம். போன வருடம் ஜூனில், அங்கே மருத்துவம் படிக்கும் பேத்தியைப் பார்க்கப் போனபோது நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

நெவா ஆற்றைப் பார்த்திருக்கும், அந்தக் கோட்டையின் கருங்கல் வாசல் அது. வளைவின் உட்சுவரில் பெருவெள்ளங்களின் மட்டம் குறித்துப் பலகைகள் பதித்திருக்கிறார்கள்: 1752, 1777, 1788, 1824, 1924, 1975. முக்கொம்பு மேலணையில் விடியற்காலையில் கேஜ் (நீர்மட்ட அளவுகோல்) பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் நான். சுவரில் ஆண்டையும் மட்டத்தையும் கண்டால் கால் நகருமா? வழிகாட்டி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு முன்னே போய்விட்டார்.

1824-தான் உச்சம். ஆற்றின் வழக்கமான மட்டத்துக்கு மேல் 421 செ.மீ. மேலே எங்கோ மழை கொட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். பால்டிக் கடலில் புயல் அடித்தால் மேற்குக் காற்று பின்லாந்து வளைகுடாவின் நீரைக் கிழக்கே தள்ளுகிறது. வளைகுடா குறுகக் குறுக நீர் உயர்ந்து, கடலுக்குப் போகவேண்டிய ஆறு வழியில்லாமல் ஊருக்குள் ஏறுகிறது. மேலணையில் நாங்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்ததும் வெள்ளத்துக்காகத்தான்; ஆனால் ஆறு வரும் திசை அது. நெவாவுக்கு மேற்கே இருப்பது ஆறு போய்ச் சேரும் கடல்!

ஸ்வீடன் படைக்குப் பயந்து 1703 மே மாதம் பேரரசர் பீட்டர் முயல் தீவில் மண்ணால் எழுப்பத் தொடங்கிய கோட்டை இது. ஸ்வீடன்காரர்கள் இதை ஒருநாளும் முற்றுகையிடவில்லை. வெள்ளமோ மூன்று மாதத்தில் வந்துவிட்டது. 2011-ல்தான் வளைகுடாவின் குறுக்கே சுமார் 25 கி.மீ. நீளத்துக்குத் தடுப்பணை கட்டி முடித்தார்கள்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் உண்டு. தாரக்கனோவா என்ற கைதி 1777 வெள்ளத்தில் கோட்டைச் சிறையறைக்குள் மூழ்கி இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஓவியத்தால் பரவிய கதை அது. பேரரசி எலிசபெத்தின் மகள் என்று சொல்லிக்கொண்ட அந்தப் பெண், 1775-லேயே அங்கே காசநோயால் இறந்துவிட்டார்.

இன்னொன்று. தினமும் பகல் 12 மணிக்குக் கோட்டைக் கொத்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள்; அதையும் வாசகர்களுக்குச் சொல்லி வையுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பலகைகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவன் தூக்கிவாரிப் போட்டதில், என் குறிப்பேட்டில் 1924-இன் கடைசி இலக்கமான 4, பக்கத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பேத்தி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஊழியர்,
திருவரங்கம்.