சபராளியும் மிசாஃபிரும்

இஸ்தான்புல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜமாலு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. கோபம் இருக்கும். இதைப் படித்துவிட்டுத் திட்டு. நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

போன வாரம் கூட வேலை செய்பவர் வீட்டில் சாப்பாடு. அவருடைய அம்மா கதவைத் திறந்ததும் உள்ளே திரும்பி "மிசாஃபிர் கெல்தி" என்று குரல் கொடுத்தார். விருந்தாளி வந்தாச்சு என்று அர்த்தமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முசாஃபிர் என்றால் பயணி, நோன்பில் அவருக்குச் சலுகை உண்டு என்று நீதானே சொல்லியிருக்கிறாய்!

விசாரித்தேன். அதே அரபுச் சொல்தான். 'சஃபர்' பயணம், அதில் போகிறவர் 'முசாஃபிர்'. அரபு விமான நிலையங்களில் பயணிகளை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். விருந்தாளி அங்கே 'ளைஃப்'. துருக்கிக்கு வந்ததும் 'மு' மாறி 'மி' ஆயிற்று, பயணியும் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டார். வழியில் போகிறவருக்கு இவர்களுடைய சொந்தச் சொல் 'யோல்ஜு' இருக்கிறது. சொல்லாமல் வந்து நிற்பவர் 'தான்ரி மிசாஃபிரி', கடவுளின் விருந்தாளி. எவ்வளவு அழகு, பார்!

சாப்பாட்டு மேசை 'சோஃப்ரா'. உங்கள் வீட்டில் சாப்பிட விரிக்கும் சுப்ராவேதான்! அரபியில் அது முதலில் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு, நம் கட்டுச்சோறு. அப்புறம்தான் விரிப்புக்கு ஆனது. நம் 'விருந்து' மட்டும் என்ன? முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்தவர், இப்போது உனக்குப் பிரியாணி.

சரி, எனக்குத் தூக்கம் கெட்டது இதனால் இல்லை. உன் வாப்பாவை நம் தெருவில் சபராளி, அதாவது சஃபர் போய் வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர், என்றுதானே சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். நல்ல தட்டு அவருக்கு, புது விரிப்பு அவருக்கு. ஒருநாள் தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நாம் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? பயணிக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல் என்றதும் அந்த முகம்தான் முன்னால் வந்து நின்றது. 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஜெர்மனிக்கு வேலைக்குப் போன துருக்கியரையும் 'மிசாஃபிர் இஷ்சி', விருந்தாளித் தொழிலாளி என்றுதான் சொன்னார்களாம்.

அடுத்த மாதம் நீ மஸ்கட் கிளம்புவதாகச் சைக்கிள் சேகர் சொன்னான். பிள்ளைகளையும் கூட்டிப்போக வழி இருக்கிறதா, ஜமாலு? கேட்டுப் பார்த்தாயா? உடனே எழுது.

உம்மாவுக்கு என் சலாம்.

உன்,
முருகு