டப்பாவின் பின்பக்கம்

அன்பு மகன் சங்கரனுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று விற்கிறார்களே, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த டப்பாவின் படத்தை இரண்டு நாட்களாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இதில் இருப்பதெல்லாம் நம்ம கடைச் சரக்குதானே அப்பா?" என்று கேட்டிருந்தாய். டவுன் ரதவீதியில் முப்பத்தொரு வருடம் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தவனிடம் கேட்கிற கேள்விதான் அது; ஆனாலும் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைப் போனில் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

டப்பாவின் முகப்பில் முள்ளோடு படம் போட்டிருப்பது நெருஞ்சில். மானூர் ஆச்சி வீட்டுக்குப் போகும் வழியில் உன் காலில் ஏறி நீ நொண்டிக்கொண்டு வந்தாயே, அதே முள்தான். நான் அதை நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுத்திருக்கிறேன். ஆண் சுரப்பைக் கூட்டும் என்று சொல்லி விற்றதில்லை. அதற்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததில் பல்கேரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பல்கேரியாவில் 20 முதல் 36 வயது வரையுள்ள ஆண்கள் 21 பேரை வைத்து நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் நெருஞ்சில் சாறு சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவில் வேறுபாடு தெரியவில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சந்தையில் நெருஞ்சில் என்ற பெயரில் இரண்டு செடிகள் வருகின்றன. யானை நெருஞ்சிலின் கொத்தைப் பிடுங்கி ஒரு செம்புத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றினால், தண்ணீர் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று திரண்டு நூலாக ஒழுகும், காயும் பெரியது. டப்பாக்காரர் பெயர் போட்டிருக்கும் ட்ரிபுலஸ் அதுவல்ல, சிறுநெருஞ்சில். முழுக் காயாக இருந்தால் கண்ணாலேயே பிரித்துவிடுவேன். பொடியாக்கிக் குப்பிக்குள் அடைத்த பிறகு என்னாலும் முடியாது.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, கதை வேறு. அந்தக் கிழங்கைப் பாலின் ஆவியில் புட்டு போல அவித்து, உலர்த்தி, இடித்து, துணியில் சலித்துச் சூரணமாகத் தருவது நம் வழக்கம். அதற்கு ஓரளவு சான்றும் இருக்கிறது. எடை கூடிய 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வாரத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்ட காலத்தைவிடச் சுமார் 15 சதவீதம் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான்; வேறு சில ஆய்வுகளும் அதே திசையைக் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் கொடுத்தது அளவு தெரிந்த சாறு. டப்பாவில் அமுக்கரா என்று இருந்தால் போதாது. வேரா இலையா, எத்தனை மில்லிகிராம், அதன் முக்கியச் சத்தான விதனோலைடு எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு இதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. உன் அத்தைக்கும் இதைச் சொல்லிவிடு, அவளும் ஏதோ வாங்கிச் சாப்பிடுகிறாள்.

துத்தநாகம் (ஜிங்க்) குறைந்தவனுக்குக் கொடுத்தால் குணம் தெரியும்; குறையாதவனுக்குக் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வைட்டமின் டி-யும் ஏறக்குறைய அப்படித்தான். உன் டப்பாவில் துத்தநாகம் ஒரு வேளைக்கு 30 மில்லிகிராம், இரண்டு வேளை என்று போட்டிருக்கிறது. அமெரிக்கர்கள் வளர்ந்தவர்களுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே நாளொன்றுக்கு 40 தான். அதற்கு மேல் மாதக்கணக்கில் போனால் உடம்பில் செம்புச் சத்து குறையும். வெந்தயச் சாற்றைப் பற்றிய முடிவுகள் இப்படியும் அப்படியுமாக இருக்கின்றன. சாறு தயாரிப்பவர்களே பணம் போட்டு நடத்திய ஆய்வுகளை நான் அரை மனதோடுதான் படிக்கிறேன்.

இவையெல்லாம் இருக்கட்டும், என்னை உறுத்துவது கடைசி வரி: "பிராப்பரைட்டரி பிளெண்ட், 900 மில்லிகிராம்", அதாவது அவர்களுடைய சொந்தக் கலவையாம், அதற்குக் கீழே ஏழு பெயர்கள். எது எவ்வளவு என்று இல்லை. ஏழில் மலிவானது 850-உம் மற்ற ஆறும் சேர்ந்து 50-உம் இருந்தாலும் அந்த வரி பொய்யாகாது. தராசில் நிறுத்துக் கொடுத்த கை, அதனால் சொல்கிறேன். இப்படி விற்கும் 50 டப்பாக்களை எடுத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் இருந்த 109 பொருட்களில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்பதற்குச் சான்று இருந்தவை கால்பங்குதான். பத்தில் ஒன்று குறைக்கும் என்றுகூடச் சான்று இருந்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. வெளியூர் வியாபாரி ஒருவர் லேபிள் இல்லாத ஒரு சூரணத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வாங்கியவர்கள், அரைமணி நேரத்தில் வேலை செய்கிறது என்று, பத்து நாளில் திரும்பி வந்து அதையே கேட்டார்கள். வேர்ச் சூரணம் அரைமணி நேரத்தில் வேலை செய்யாது என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் அதைச் சாப்பிட்டு மயங்கி விழுந்து பிழைத்த பிறகுதான் மீதியைக் குழிதோண்டிப் புதைத்தேன். இயற்கை மருந்து என்ற பெயரில், ஆண்மைக்குறைவுக்கான ஆங்கில மருந்தான சில்டெனாஃபிலைக் கலந்து விற்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது; நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும்.

உனக்கு நிஜமாகவே குறைவா என்று முதலில் தெரிய வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு ரத்தம் கொடு; வேறொரு நாளிலும் அதேபோலக் கொடு. இரண்டும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போ. முடி கொட்டுகிறது என்று நீ சாப்பிடும் பயோட்டின் வைட்டமினைச் சில நாள் முன்னதாகவே நிறுத்திக்கொள், அது சில பரிசோதனைகளில் எண்ணைப் பொய்யாகக் காட்டும். ஜிம்மில் யாராவது ஊசி, ஜெல் என்று பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், நீயும் மருமகளும் குழந்தைக்குக் காத்திருக்கிற நேரம் இது. பெங்களூரில் நீ பார்க்கும் இரவு ஷிஃப்டையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன். சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது, பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது என்று 2011-இல் எழுதியிருக்கிறார்கள். அமுக்கரா எட்டு வாரத்தில் ஏற்றிய அளவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதுவரை டப்பாவின் சீலை உடைக்காதே, பில்லையும் பத்திரமாக வை. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்ப்போம். அம்மா உளுந்தங்களிக்கு மாவும் கருப்பட்டியும் பார்சலில் போட்டிருக்கிறாள். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பில்லை, அவளுக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
அப்பா