நாற்று மட்டும் போதுமா?

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும்.

கூடவே அனுப்பியிருந்த திட்டத்தையும் படித்தேன். நீலகிரிப் புல்வெளியின் பெடிகுலாரிஸ் பெரோட்டெட்டி என்னும் செடியை நாற்றங்காலில் பெருக்கி நட வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பணமும் ஆளும் முழுக்க நாற்றுக்கே போகிறதே, அதுதான் உறுத்துகிறது.

அது பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருந்தாலும், அண்டைச் செடிகளின் வேரில் உறிஞ்சுவேர் பதித்து நீரும் தாதுக்களும் எடுக்கும். தனித் தொட்டியில் முளைத்தாலும் தேங்கி வாடிவிடும். அதே சரிவின் புல்லை முதலில் தொட்டியில் வேர்பிடிக்க விடுங்கள். நிழல் விழாதபடி அதைக் கத்தரித்துவிட்டு, பிறகு விதையுங்கள். நடும்போது மண்கட்டி உடையக் கூடாது; உடைந்தால் அந்த வேர்ப்பிணைப்பு அறுந்துபோகும். விதைக்கு முடிந்தால் ஐம்பது தாய்ச்செடிகள் வேண்டும். எதிலும் அந்த ஆண்டு விதையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தாயின் விதையும் தனி உறையில் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், நட்ட செடி தானாக வாரிசு விட இடம் ஒத்துழைக்க வேண்டும். இதே பேரினத்தின் ஃபர்பிஷ் செடியைப் பார். அமெரிக்காவின் மெய்னிலும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கிலும் செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் மட்டுமே வளர்கிறது. 1880-இல் கேட் ஃபர்பிஷ் என்ற தாவரவியலாளர் கண்டெடுத்தது. அழிந்ததாகவே நினைத்திருந்து, 1976-இல் அணைத் திட்டத்துக்கான ஆய்வில் மறுபடி அகப்பட்டது. வசந்தத்தில் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து கரையைச் சுரண்டிக்கொண்டு போகும். அந்தச் சுரண்டலில் செடிகள் சாகும், ஆனால் அதனால் வெறுமையான கரையில்தான் புதியவை முளைக்கும். பூக்க மூன்று ஆண்டாவது ஆகும் என்பதால், அடிக்கடி சுரண்டினால் விதைக்குமுன் போய்விடும். வெகுகாலம் சுரண்டாவிட்டால் ஆல்டர் புதர் மூடிவிடும். மண்ணில் விதைச் சேமிப்பும் கிடையாது. ஒரு திட்டு அழிய, வேறோர் இடத்தில் இன்னொன்று தோன்ற, இப்படியே அது பிழைக்கிறது. செடி நிற்கும் இடத்துக்கு மட்டும் வேலி போட்டு என்ன பயன்? நாளை அது முளைக்கப்போகும் வெற்றுக்கரையும் வேண்டும், பனி தடையின்றி ஓடும் ஆறும் வேண்டும்.

உங்கள் சரிவில் ஆல்டர் போல மூடிக்கொள்வது சீகை மரம், அதாவது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரே மூச்சில் வெட்டினால் வெளிச்சம் பட்டு மொத்தமாக முளைத்துவிடும். தீ வைத்தால் கெட்டியான விதையுறை விரிந்து இன்னும் மோசம். புல்வெளி ஓரத்தில் தொடங்கிப் பட்டை பட்டையாக உள்ளே போங்கள். கன்றுகளை மழைக்குப்பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள், பூக்கும் வயதுக்கு ஒன்றையும் விடாதீர்கள். பிடுங்கிய இடத்தில் தென்மேற்குப் பருவமழை தொடக்கத்தில் உள்ளூர்ப் புல்லின் தூர்களை ஓரடி இடைவெளியில் நடலாம். இந்த வேலைக்குப் பல ஆண்டு நிதி வேண்டும். முதலாண்டோடு பணம் நின்றால் வெட்டாமல் விட்டதே மேல். பழைய சீகை நிழலில் சோலைக்காட்டு மரக்கன்றுகள் வந்திருந்தால் அங்கே கைவைக்காதீர்கள்.

வாழிடம் சரியானால் செடி தானே தேறிவிடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். வெட்டிய மரத்தை இழுக்கும் வழியிலேயே கடைசித் திட்டு நசுங்கலாம். மேய்ச்சலை முற்றிலும் நிறுத்தினால் புல் உயர்ந்து இளஞ்செடிகளை மூடலாம். ஆகவே ஆள் இறங்குமுன் ஒவ்வொரு திட்டிலும் குச்சி நட்டுக் குறியிடுங்கள். வேலியைப் பாதித் திட்டுகளுக்கு மட்டும் போட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு மீட்டர் சதுரங்கள் அமைத்து ஆண்டுதோறும் அதே பருவத்தில் எண்ணுங்கள். பூத்தவை, பூக்காதவை, அவ்வாண்டு முளைத்தவை மூன்றும் தனித்தனியாக வேண்டும். பூத்தவை நிறைய இருந்து முளைத்தவையே இல்லையென்றால், இருப்பது கிழடுகள் மட்டும்தான். பூவில் எந்தப் பூச்சி வந்து இறங்குகிறது என்பதையும் குறித்துவையுங்கள். ஃபர்பிஷ் செடிக்கு ஒரே ஒரு பம்பிள் தேனீ இனம்தான் துணை.

நாற்றங்காலுக்கு நிதியில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது என் கருத்து. திட்டத்தைத் திருத்தினால் எனக்கும் ஒரு படி அனுப்பு. முதல் கணக்கெடுப்புக்கு நானும் வருகிறேன், தேதி சொல்.

அன்புடன்,
தாமோதரன்